இப்னு ஃபிர்னாஸும் தரையிறங்கும் கலையும்

குர்துபாவின் அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் (மறைவு: ஹிஜ்ரி 274 / கி.பி. 887) வானில் பறந்ததை நாம் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம், இறங்கியதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் இறகுகளைப் போர்த்தி, சிறகுகள் பூட்டிப் பறந்தார். இறங்குகையில் முதுகில் அடிபட்டார் என்று, ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ தமது 'நஃப்ஹுத் தீப்' நூலில் எழுதுகின்றார். பறவை இறங்குவது வாலின் துணையால் என்பதை அறியாமல், அவர் வால் அமைக்காது விட்டதே அதற்குக் காரணம் என்றும் கூறுகின்றார்.

எழுவதே முதலில் மனிதனின் கவலையாக இருந்தது. ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்திலும் சக்கரமோ பிரேக்கோ இல்லை. சறுக்குக் கட்டைகளே இருந்தன.

இன்று தம் கையாலேயே சிறு விமானம் கட்டுவோரும் இவ்வினாவை எதிர்கொள்கின்றனர். இறங்கும் வேகம் ஒன்றரை மடங்கானால், பிரேக் ஏற்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். அது வெப்பமாக மாறும். ஆகவே அழுத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. அவ்வெப்பத்தைத் தாங்கும் கனமான பிரேக் தட்டும் வேண்டும். வால்சக்கர விமானத்திலோ, பிரேக்கை அளவுமீறி அழுத்தினால் அது மூக்குக் குப்புறக் கவிழும்.

பறந்த பெருமையோடு பட்ட அடியையும் மறைக்காது பதிந்தமையால்தான், அல்-மக்கரீயின் சில வரிகள் நமக்கு இன்றும் பாடமாகின்றன.