தவிலுக்கு ஏது சேர்ட்டிபிக்கேற்?

இணுவில் எண்டவுடனே வெளியூர்க்காரருக்கு இரண்டு விசயம் நினைவுக்கு வரும். ஒன்று தவிலும் நாதஸ்வரமும். மற்றது மக்லியோட் ஆஸ்பத்திரி. இரண்டுமே தொழில் பழக்கின இடங்கள்தான். ஆஸ்பத்திரியில பழகினவைக்குப் பயிற்சி முடித்ததுக்கு அத்தாட்சி இருந்தது. தவில் பழகினவைக்கு அப்பிடி ஒண்டும் இல்லை.

இப்ப எங்கட பெடியளிட்ட "என்.வி.கியூ. லெவல் எத்தினை?" எண்டு கேட்கிற காலம். வெளிநாட்டு வேலைக்கும் அதைத்தான் கேட்கினம். ஒரு கை வேலையைக் கடதாசியாக மாத்தி, அந்தக் கடதாசியோட எல்லை தாண்டுறது புதுக்கதை மாதிரித் தெரியும். ஆனால் இணுவிலையும் அதைச் சுத்தியுள்ள ஊர்களையும் பொறுத்தவரை இது நூற்றைம்பது வருசத்துக்கு மேலான கதை. அதைத் திரும்பிப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரியுது: ஒரு பத்திரம் எவ்வளவு தூரம் போகும் எண்டதை, அதை வைத்திருக்கிறவரின் திறமையை விட, அதை ஏற்றுக்கொள்ளுற அதிகாரம்தான் தீர்மானிக்குது.

பக்கத்து ஊரான மானிப்பாயில இருந்து தொடங்குவம். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருசமே மானிப்பாயில வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். முதல் தொகுதி மாணவர்கள் ஆங்கிலத்தில் படித்தார்கள். படித்து முடித்தவர்களில் பலரை அரசாங்க உத்தியோகம் இழுத்துக்கொண்டு போனது. ஊருக்கு வைத்தியர் வேணும் எண்டு பழக்கினால், ஊரில ஆள் நிற்கவில்லை.

அமெரிக்கா போய் 1862இல் திரும்பி வந்த கிறீன், வழியை மாற்றினார். 1864இல் இருந்து தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். அதுக்கு நூல்கள் வேணும், கலைச்சொற்கள் வேணும். மாணவர்களோடும் உதவியாளர்களோடும் சேர்ந்து 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' எண்டு தடித்த தடித்த நூல்களாக வெளியிட்டார். தமிழ் வழி அறிவியல் பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்த இடத்தில பெருமைப்படுவினம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நாங்கள் பெரிசாகப் பேசாத ஒரு பக்கமும் இருக்கு. தமிழில் படித்த வைத்தியர் ஊரிலேயே தங்குவார், அரசாங்க வேலைக்கு ஓடமாட்டார் எண்டதும் கிறீனின் கணக்கில் ஒன்று. அதாவது, அந்தப் படிப்பு தூரம் போகாது எண்டதே அதன் பலமாகக் கருதப்பட்டது.

ஊருக்கு அது நல்லது. படித்தவருக்கு? 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்க பாடம் ஆங்கிலத்தில். அரச சேவைக்கான வாசல் அந்தப் பக்கம் திறந்தது. கிறீன் 1873இல் நாடு திரும்பின பிறகு தமிழ் வைத்திய வகுப்பு நீண்ட காலம் நீடிக்கவில்லை. அறுவைச் சிகிச்சையைத் தமிழில் கற்ற ஒருவருடைய கை, ஆங்கிலத்தில் கற்றவருடைய கையை விடக் குறைந்ததா? இல்லை. ஆனால் அவருடைய படிப்பை ஏற்றுக்கொள்ள மானிப்பாய்க்கு வெளியில ஒரு அமைப்பு இருக்கவில்லை.

அதே மிஷன்தான் 1898இல் இணுவிலில் பெண்களுக்கெண்டு ஆஸ்பத்திரி தொடங்கினது. நிதி திரட்டினவர்கள் மேரி லீச், மார்கரெட் லீச் சகோதரிகள். நீண்ட காலம் பொறுப்பாக இருந்தவர் வைத்தியர் இசபெல்லா கேர். பிள்ளைப்பேறு பார்க்கிற இடமாக யாழ்ப்பாணம் முழுக்க அறியப்பட்ட இந்த ஆஸ்பத்திரி, பெண்களைத் தாதியராகவும் பழக்கினது. மருத்துவம் பார்க்கிற அறிவு எங்கட பெண்களுக்குப் புதிசில்லை. ஊர் மருத்துவிச்சி எப்பவும் இருந்தவ. புதிசு என்னெண்டால், பழகினதுக்கு ஒரு அத்தாட்சி கிடைத்ததும், அதை வைத்துச் சம்பளத்துக்கு வேலை செய்யலாம் எண்டதும். தாதிக்கும் மருத்துவிச்சிக்கும் நடுவில வந்து நிண்டது அறிவு மட்டுமில்லை, ஒரு கடதாசியும்தான்.

இனி அந்தக் காலத்தில் ஆகத் தூரம் போன கடதாசிக்கு வருவம். 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. ஜூனியர், சீனியர் எண்டு இரண்டு படி. மிஷன் பள்ளிக்கூடங்களும் அதுக்குப் போட்டியாக எழுந்த சைவப் பள்ளிக்கூடங்களும் பிள்ளைகளை இதுக்குத் தயார்ப்படுத்தின. அதே காலத்தில் மலாயாவில் ரயில் பாதை போடுகினம், அலுவலகங்கள் திறக்கினம், ஆங்கிலம் தெரிஞ்ச ஆள் காணாது. இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்தில் இருந்து 1891இல் சிலாங்கூருக்குப் போன பொறியியலாளர் சி. ஈ. ஸ்பூனர், பிறகு ரயில்வேயின் பொது முகாமையாளரானார். யாழ்ப்பாணத்தாரின் வேலையை இலங்கையிலேயே பார்த்தவர் அவர். அங்கேயும் அவர்களை எடுத்தார். கிளார்க், ஸ்டேசன் மாஸ்டர், நில அளவையாளர், ஆஸ்பத்திரி டிரெசர் எண்டு யாழ்ப்பாணத்தார் தைப்பிங்கில இருந்து கோலாலம்பூர் வரை பரவினார்கள். அந்தக் காசுதான் கல்வீடாகவும் காணியாகவும் சீதனமாகவும் ஊருக்குத் திரும்பி வந்தது. மலாயன் பென்சனியர் இல்லாத ஊர் குடாநாட்டில குறைவு.

இதில கவனிக்க வேண்டியது ஒன்று. கேம்பிரிட்ஜ் பரீட்சையில ரயில் ஓட்டம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆங்கிலமும் கணக்கும் எழுதத் தெரியுமா எண்டுதான் பார்த்தது. கிறீனின் தமிழ் மாணவர் மனித உடம்பை அறுத்துத் தைக்கப் பழகினார். அவருடைய படிப்பு மானிப்பாயைத் தாண்டக் கஷ்டப்பட்டது. கிளார்க்காகப் போனவர் வேலையை அங்க போய்த்தான் பழகினார். அவருடைய பத்திரம் கடல் தாண்டினது. காரணம் லேசு. இலங்கையும் மலாயாவும் ஒரே பேரரசுக்குக் கீழ. இரண்டு இடத்திலும் அந்தப் பத்திரத்தை வாசிக்கிறவர் ஒருவரே. பேரரசு போனது, அந்த வாசலும் போனது.

"கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்தில மேய்க்க வேணும்" எண்ட எங்கட ஊர்ப் பழமொழி இந்தக் காலத்தின் பிள்ளை. கை வேலையை விட மேசை வேலைக்கு மதிப்பு எண்ட எண்ணத்துக்கு, மேசை வேலைக்குத்தான் பத்திரம் இருந்தது எண்டதும் ஒரு காரணம்.

அப்ப பத்திரமே இல்லாத தவில்? இணுவிலில் 1933இல் பிறந்த தெட்சணாமூர்த்தியின் தகப்பன் விஸ்வலிங்கமும் தவில் வித்துவான். பரீட்சை எழுதி வந்த வித்தை இல்லை. தமிழ்நாட்டுக்குப் போய் நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையிடமும் பழகி, அங்கத்தைய பெரிய மேடைகளில் வாசித்தார். 1975இல் இறக்கும்போது கடலின் இரண்டு கரையிலும் அவருக்குப் பேர் இருந்தது. அங்க அவரை "யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி" எண்டுதான் சொன்னார்கள். நாச்சியார்கோயில், யாழ்ப்பாணம் எண்டு பேருக்கு முன்னால வருகிற ஊரைப் பாருங்கோ. அதுதான் சேர்ட்டிபிக்கேற். எந்த ஊர், யாருடைய மகன், யாரிட்டப் பழகினவர் எண்டு கேட்டாலே தராதரம் தெரிஞ்சுபோகும். இரண்டு கரையிலும் ஒரே காது இருந்ததால பத்திரம் தேவைப்படவில்லை.

ஆனால் இதை மட்டும் வைத்து "பத்திரம் எதுக்கு, திறமை போதும்" எண்டு சொல்ல ஏலாது. "யாருடைய மகன்" எண்ட கேள்விக்குள்ள சாதி இருக்கு. அந்த வித்தை குறிப்பிட்ட குடும்பங்களுக்குள்ள நிண்டது. மகள்களுக்கு அநேகமாக வரவில்லை. வாசிக்கிற கலைஞருக்கு மேடையில் கிடைத்த மரியாதை கோயில் வாசலுக்கு வெளியில எப்பவும் கிடைத்ததும் இல்லை. பரீட்சை எழுதுகிற முறைக்கு ஒரு நேர்மை இருக்கு: தாளில் சுட்டெண் மட்டும்தான், தகப்பன் பேர் இல்லை. ஆனால் அந்தப் பரீட்சைக்குப் போகிற பள்ளிக்கூடத்துக்குள்ளயும் எல்லாரும் போக முடியவில்லை. 1929இல் பள்ளிகளில் சம ஆசனம் கொடுக்கச் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு அதுக்குச் சாட்சி.

இப்ப எங்கட காலம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உருவானது. பிறகு வந்த தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு படி கொண்டது. நாலாம் படி வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இந்த ஏணியில்தான் நிக்குது. மேசனுக்கும் வயறிங் வேலை செய்யிறவருக்கும் பட்டம் வரை ஒரு வழி போட்டது நல்ல காரியம். முன்பே தொழில் தெரிந்தவரைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறையும் இதுக்குள்ள இருக்கு. தவில்காரரின் காதையும் கேம்பிரிட்ஜ் தாளையும் ஒன்றாக்கப் பார்க்கிற முறை அது எண்டு சொல்லலாம்.

ஆனால் அங்க செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பினம். போர்க்காலத்தில இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மேசன் வேலை பழகின ஒருவரிட்ட எந்த முதலாளியின் கடிதம் இருக்கும்? அவர் கட்டின வீடுகளில் எத்தினை இப்ப நிக்குது?

எல்லைக்கு அப்பாலும் கேள்வி இருக்கு. ஆசியான் நாடுகள் 2006இல் தாதியர் தகைமையைப் பரஸ்பரம் ஏற்க உடன்பாடு செய்தன. ஆனாலும் தாய்லாந்தில் தாதியாக வேலை செய்ய தாய் மொழியிலதான் அனுமதிப் பரீட்சை எழுத வேணும். உடன்பாடு ஒன்று, வாசல் வேறொன்று. கிறீன் காலத்து மொழிக் கேள்வி இன்னும் முடியவில்லை.

அதால ஒரு பாடநெறியில சேர முதல், "லெவல் எத்தினை?" எண்டதோட நிற்காமல் இன்னும் மூண்டு கேள்வி கேட்க வேணும். இந்தப் பத்திரத்தை எந்த நாடு, எந்தத் தொழிலுக்கு ஏற்குது? அங்க திரும்பப் பரீட்சை வைப்பினமா, எந்த மொழியில? போகாமல் ஊரிலேயே நிண்டால் இதுக்குக் கூடுதல் சம்பளம் உண்டா? மூண்டாவது கேள்விக்கு எங்கட பக்கத்தில இன்னும் சரியான பதில் இல்லை. கிறீன் தன் மாணவர்கள் போகாமல் இருக்க மொழியை வேலியாகப் போட்டார். எங்களுக்கு வேலி வேண்டாம். நிற்கிறவருக்கும் போகிறவருக்கும் ஒரே பத்திரம் ஒரே மதிப்பைத் தர வேணும். அதைக் கேட்க வேண்டியது பயிற்சி நிலையங்களிட்ட மட்டுமில்லை. எங்கட ஊரில வேலை கொடுக்கிற கொந்தராத்துக்காரர், கடைக்காரர், வீடு கட்டுறவர் எல்லாரிட்டயும்தான்.