கொள்ளை விடுதல்

மாசி அமாவாசையன்று விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பேருந்து நிலையத்தில் நின்றால் ‘மலையனூர், மலையனூர்’ என்ற குரல்தான் ஓங்கி ஒலிக்கும். இரண்டு ஊர்களிலிருந்தும் வரும் சாலைகள் செஞ்சியில் கூடி, வளத்தி வழியாக வடக்கே மேல்மலையனூருக்குப் போகின்றன. புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணிவனம் மக்கள் நாவில் திண்டிவனமாகத் தேய்ந்தது போல, மேல்மலையனூரும் மலையனூராகச் சுருங்கிவிட்டது. கூடையும் குழந்தையுமாக ஏறும் பெண்களிடம் எங்கே பயணம் என்று கேட்டால், ‘மயானக் கொள்ளைக்குப் போறோம்’ என்பார்கள். சுடுகாட்டையும் கொள்ளையையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். சொல்லும் முகத்தில் அச்சமோ கூச்சமோ இல்லை, பண்டிகைக் களைதான் இருக்கிறது.

மற்ற நாளில் வாசலில் நின்று சொல்லத் தயங்கும் இரண்டு சொற்கள் சேர்ந்து ஒரு திருவிழாவின் பெயரானது எப்படி?

முதலில் கொள்ளை. ‘கொள்’ என்ற வினையின் அடியாகப் பிறந்த பெயர் இது. பக்கத்து மொழிகளிலும் உறவு உண்டு: மலையாளத்தில் ‘கொள்ள’, தெலுங்கில் ‘கொல்ல’, கன்னடத்தில் ‘கொள்ளெ’. ‘கொள்’ தன்னளவில் குற்றமில்லாத வினை. கடைக்காரர் கணக்கில் அது கொள்முதல். சம்பந்தம் பேசும் பெரியவர்கள் வாயில் கொள்வினை, கொடுப்பினை. பெண் எடுத்தவரும் கொடுத்தவரும் கொண்டான் கொடுத்தான். ‘கொள்’ வரும் இடத்துக்குக் ‘கொடு’வும் துணையாக வந்து நிற்பது தமிழில் வழக்கம். கொடுப்பவர் மனமில்லாமல் ஒரு பொருள் கைமாறும்போதுதான் ‘கொள்’ கெட்டுக் கொள்ளையாகிறது.

சங்க நூல்களில் கொள்ளைக்குக் ‘கொண்டி’ என்று இன்னொரு பெயரும் உண்டு. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார், சோழன் கரிகாலன் அழித்த பகைவர் ஊர்களைக் காட்டும் இடத்தில் ‘கொண்டி மகளிர்’ வருகிறார்கள். பகைநாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள் அவர்கள். நீர்த்துறையில் மூழ்கி, மெழுகிய தரையில் பூவிட்டு, அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அங்கே தறியில் உறையும் தெய்வத்தைத் தொழுகிறார்கள். அயலூர்ப் பயணி ஒரு கோயிலில் வந்து தொழும் பழைய காட்சிகளில் இது ஒன்று. அங்கே விளக்கைப் பிடித்திருந்த கை கொள்ளையில் வந்த கை. இந்த வரலாற்றை மறந்துவிட்டு இந்தச் சொல்லின் கதையை எழுதக்கூடாது.

தொல்காப்பியர் வெட்சித் திணைக்குச் சொல்லும் துறைகளையும் பார்க்க வேண்டும். பகைவர் ஆநிரையைக் கவர்வது ‘ஆகோள்’. இதிலும் இருப்பது அதே ‘கொள்’தான். ஆனால் கதை கவர்ந்ததோடு நிற்பதில்லை. கொண்டுவந்ததைப் பங்கிடுவது ‘பாதீடு’, கூடிக் களித்து உண்பது ‘உண்டாட்டு’, இரவலர்க்கு வழங்குவது ‘கொடை’ என்று அடுத்தடுத்த துறைகள் வருகின்றன. கொற்றவை நிலையையும் தொல்காப்பியர் வெட்சியோடுதான் சேர்க்கிறார். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் கொற்றவையைப் பரவுவதும் இதே மரபில்தான். பொருளைக் கொண்டால் பகிர வேண்டும், பகிரும் இடத்தில் பெண் தெய்வம் இருப்பாள் என்பது அந்தப் பழைய முறை. மலையனூர் வழிபாடு இதிலிருந்து நேர்க்கோட்டில் வந்தது என்று நான் சொல்லவில்லை. கொள்ளை என்ற சொல்லோடு பங்கீட்டையும் தெய்வத்தையும் சேர்த்து நினைப்பது தமிழுக்குப் புதிதல்ல என்பதே நான் சொல்ல வருவது.

அடுத்தது மயானம். வடமொழி ‘ச்மசானம்’ பிராகிருத வழியில் உருமாறித் தமிழுக்கு வந்த சொல். சுடுகாடு, இடுகாடு, புறங்காடு, முதுகாடு என்று தமிழில் ஏற்கெனவே பல பெயர்கள் இருந்தும் இதுவும் வேரூன்றியது. அது தீட்டுச் சொல்லாக மட்டும் நிற்கவும் இல்லை. கடவூர் மயானம், நாலூர் மயானம், கச்சி மயானம் என்று சிவன் கோயில்களே அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடலைக் கண்டது பேய்கள் திரியும் ஆலங்காட்டில். 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், பிணம் குவிந்த களத்திலேயே பேய்கள் காளிக்குக் கூழ் அடுகின்றன. சாவு விழுந்த இடத்தில் சமையலும் உணவும் என்ற கற்பனை, வெகு காலம் முன்பே தமிழ்க் கவிதையில் அரங்கேறிவிட்டது.

இனித் தலக்கதை. ஐந்து தலையோடு இருந்த பிரமனின் ஒரு தலையைச் சிவன் கிள்ளினார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சையாக விழும் சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிட, அவர் பித்தராகிச் சுடுகாடு சுடுகாடாக அலைந்தார். பார்வதியோ சாபத்தால் உருக்குலைந்து மலையனூருக்கு வந்து புற்றில் அமர்ந்திருந்தாள். சிவன் அங்கே பிச்சைக்கு வந்தபோது முதல் கவளத்தையும் இரண்டாம் கவளத்தையும் கபாலத்தில் இட்டாள். மூன்றாவதை மயானத்துத் தரையில் இறைத்தாள். சோற்று ருசி கண்ட கபாலம் கையை விட்டு இறங்கி அதைப் பொறுக்கப் போனது. அவள் பேருருக் கொண்டு அதைக் காலால் மிதித்து அடக்கினாள். கதை ஊருக்கு ஊர் மாறும். ஈவ்லின் மேயர் என்ற ஆய்வாளர் இந்த அம்மனாகிய அங்காளபரமேசுவரியின் கதைகளையும் வழிபாட்டையும் பற்றி 1986இல் ஒரு தனி நூலே எழுதினார். எந்த வடிவத்திலும் முடிச்சு அவிழ்வது உணவை வாரி இறைக்கும் அந்த இடத்தில்தான்.

அப்படி இறைப்பதற்குச் ‘சூறை’ என்று பெயர். சில ஊர்களில் இவ்விழாவையே மயானச் சூறை என்பார்கள். சூறைக்காற்று, சூறாவளி, சூறையாடுதல் எல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் இருப்பதையெல்லாம் வாரி வழங்குவதையும் பழந்தமிழில் சூறைவிடுதல் என்றே சொன்னார்கள். கோயில் வாசலில் உடைக்கும் சிதறுகாய்க்குச் சூறைத்தேங்காய் என்றும் பெயருண்டு. கல்லில் மோதித் தெறித்த சில்லை எந்தச் சிறுவன் பொறுக்கினாலும் உடைத்தவர் கோபிப்பதில்லை. யாரும் பொறுக்காவிட்டால்தான் அவருக்கு மனக்குறை.

மயானக் கொள்ளை நாளில் மலையனூரில் நடப்பதும் அதுதான், ஊர் முழுவதற்குமாக. மகா சிவராத்திரி இரவு கண்விழித்த கூட்டம் மறுநாள் மயானத்தை நிறைக்கிறது. இங்கே பூசை செய்பவர்கள் செம்படவர் எனப்படும் பருவதராசகுலத்தார். கபாலம் முன்னே செல்ல அம்மன் புறப்பட்டு வருகிறாள். விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த நெல், கம்பு, கேழ்வரகு, காய்கறி, கிழங்கு என்று மூட்டை கட்டிக் கொண்டுவந்திருப்பார்கள். அவித்த சுண்டலும் கொழுக்கட்டையும் கூடைகளில் இருக்கும். நாணயங்களும் உண்டு. நேரம் வந்ததும் எல்லாம் காற்றில் எழும்பி விழுகின்றன. கீழே புடவைத் தலைப்புகளும் துண்டுகளும் விரிகின்றன. விழுந்த தானியத்தில் ஒரு பிடி எடுத்துப் போய் விதைநெல்லோடு கலந்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. மயானத்துச் சாம்பலையும் மடித்து எடுத்துப் போவார்கள். ஒருவர் வயலில் விளைந்தது, முன்பின் தெரியாத இன்னொருவர் வயலுக்கு விதையாகப் போகிறது.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். கொள்ளையோடு சேரும் துணைவினைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘கொள்ளையடித்தான்’ என்றால் எழுவாய் எடுத்தவன். ‘கொள்ளை போயிற்று’ என்றால் எழுவாய் பறிபோன பொருள். ‘மனத்தைக் கொள்ளைகொண்டது’ என்றால் எழுவாய் அழகு. மூன்றிலும் பொருளுக்கு உரியவர் ஒன்றும் செய்வதில்லை; இழக்க மட்டும் செய்கிறார். மயானத்தில் இறைத்ததைக் ‘கொள்ளை விட்டார்கள்’ என்று சொல்லும்போதுதான் உரியவரே எழுவாயாகிறார். தன் பொருளை எடுத்துப்போக அவரே திறந்துவிடுகிறார். ‘விடு’ என்ற சின்ன வினை பக்கத்தில் வந்ததும், கொடுப்பவர் மனமில்லாததால் கொள்ளையாகக் கெட்ட ‘கொள்’ மறுபடி நேராகிவிடுகிறது. பிரிந்துபோன ‘கொடு’ அதனிடம் திரும்பி வந்துவிடுகிறது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு நிழலும் உண்டு. ஊரையே வாரிக்கொண்டு போகும் காலராவையும் அம்மையையும் ‘கொள்ளை நோய்’ என்றார்கள். ‘கொள்ளையில போறவனே’ என்ற வசவு அந்தக் காலத்தில் வெறும் வாய்ச்சொல்லாக இருந்திருக்க முடியாது. ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த கிராமங்களின் நினைவு அதில் உறைந்திருக்கிறது. அப்படி மனிதரைக் கொள்ளைகொண்ட மயானத்துக்கே ஆண்டுக்கு ஒரு நாள் விளைச்சலோடும் குழந்தைகளோடும் போய், அங்கிருந்து உணவையும் விதையையும் அள்ளி வருகிறார்கள். சாவு கொண்டுபோன இடத்திலிருந்து வாழ்வை அள்ளி வர அம்மன் துணைநிற்கிறாள் என்பதுதான் அந்தத் துணிச்சலுக்குக் காரணம்.

மற்ற அமாவாசைகளில் நள்ளிரவு ஊஞ்சலில் ஆடும் அம்மனைக் காண வருபவர்கள் எலுமிச்சை விளக்கேற்றி, கையில் கற்பூரம் கொளுத்தி, வேண்டியதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மாசிக் கொள்ளையன்று வருபவர்கள் கேட்பதற்கு முன் இறைக்கிறார்கள். ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் வரும் பக்தர்களுக்கும் ‘கொள்ளை’யை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் மொழியிலும் அது பழகிய சொல்.

ஆகவே இந்தப் பெயர் முரடானது என்று எண்ணி, ‘மயான உற்சவம்’ என்றோ ‘அன்னத் திருவிழா’ என்றோ மெருகேற்ற யாரும் முனைய வேண்டாம். அப்படி மாற்றினால் பகைநாட்டிலிருந்து வந்த பெண்களும், வெட்சியின் பாதீடும், கொள்ளை நோயில் போனவர்களும் சேர்ந்து அந்தப் பெயரிலிருந்து வெளியேறிவிடுவார்கள். இனித் தமிழ் அகராதி தொகுப்பவர்கள் ‘கொள்ளை’ என்ற பதிவில் கவர்தல், மிகுதி, பெருவாரி நோய் என்பவற்றுக்குப் பக்கத்தில் இதற்கும் தனி எண் தர வேண்டும்: கொள்ளை விடுதல் — தன் உழைப்பில் விளைந்ததை, எவரும் எடுத்துக்கொள்ளுமாறு தெய்வத்தின் முன்னிலையில் இறைத்தல்.