எஸ்எல்-1: ஒரு நிமிடக் கணக்கில் நடந்த மீட்பு

அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில், இடாஹோ ஃபால்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 65 கி.மீ. தொலைவில், வறண்ட புதர்வெளி ஒன்றில் 1949இல் தேசிய அணுஉலைச் சோதனை நிலையம் நிறுவப்பட்டது. அணுஉலைகளைப் பல வகையில் கட்டி இயக்கிப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் அது. 1951 டிசம்பர் 20 அன்று அணுசக்தி மின்சாரத்தில் முதன்முதலாக நான்கு பல்புகள் எரிந்தது இங்கேதான். 1954இல் போராக்ஸ்-1 என்ற சிறிய உலையின், தொடர்வினையை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை இங்கே வேண்டுமென்றே சட்டென்று வெளியே தள்ளினார்கள். உலை வெடித்துச் சிதறியது. தண்டு வேகமாக வெளியேறினால் இவ்வகை உலைக்கு என்ன ஆகும் என்பது அன்றே கண்ணெதிரே தெரிந்துவிட்டது. எஸ்எல்-1 உலையின் கதையைச் சொல்லும்போது இதை மறக்கக் கூடாது.

எஸ்எல்-1 ராணுவத்துக்காகக் கட்டப்பட்டது. ஆர்க்டிக் பகுதியின் தொலைதூர ரேடார் நிலையங்களுக்கு மின்சாரமும் வெப்பமும் தரக்கூடிய சிறிய உலை ஒன்று வேண்டியிருந்தது. போராக்ஸ் சோதனைகளை நடத்திய ஆர்கான் ஆய்வகமே இதையும் வடிவமைத்தது. 1958 ஆகஸ்டில் உலை இயங்கத் தொடங்கியது. ஐந்து கட்டுப்பாட்டுத் தண்டுகளில் நடுவில் இருந்ததுதான் முக்கியமானது. மற்ற நான்கும் முழுக்க உள்ளே இருந்தாலும், அந்த ஒன்றைப் போதிய உயரம் தூக்கினால் தொடர்வினை தொடங்கிவிடும். தண்டுகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. பயன்பாட்டின் கடைசி மாதங்களில் அது இன்னும் அதிகரித்தது.

1960 டிசம்பர் 23 அன்று விடுமுறைக்காகவும் பராமரிப்புக்காகவும் உலை நிறுத்தப்பட்டது. 1961 ஜனவரி 3 இரவு, தண்டுகளை அவற்றின் இயக்கிகளோடு மீண்டும் இணைக்கும் வேலையில் 22, 26, 27 வயதுடைய மூன்று படைவீரர்கள் இருந்தனர். அதற்கு நடுத்தண்டைக் கையால் சுமார் 10 செ.மீ. மட்டும் தூக்க வேண்டும். அன்று அது ஏறத்தாழ 50 செ.மீ. உயர்ந்தது. சில மில்லிவினாடிகளில் உலையின் ஆற்றல் சுமார் 20,000 மெகாவாட்டைத் தொட்டது; அதன் வடிவமைப்புத் திறனோ 3 மெகாவாட்தான். நொடியில் நீராவியான நீர், மேலிருந்த நீரைச் சம்மட்டிபோல் மூடியின் மீது அடித்தது. ஏறத்தாழ 12 டன் எடையுள்ள உலைக்கலன் 2.7 மீட்டருக்கும் மேலே எழும்பி, மீண்டும் தன் இடத்திலேயே விழுந்தது.

இரவு 9:01க்கு நிலையத்தின் தீயணைப்பு அறைகளில் மணி ஒலித்தது. அன்றைய தினம் அதே கட்டடத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு முறை பொய் எச்சரிக்கை வந்திருந்தது. அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தபடியே ஆறு தீயணைப்பு வீரர்கள் புறப்பட்டு, ஒன்பது நிமிடங்களில் வந்து சேர்ந்தனர். வெளியே வித்தியாசமாக எதுவும் இல்லை. குளிர்கால இரவில் கட்டடத்திலிருந்து கொஞ்சம் நீராவி எழுவது வழக்கமான காட்சிதான். உள்ளே ஓய்வறையில் மூன்று கோப்பைகளில் காபி இன்னும் சூடாக இருந்தது. மூன்று மேலாடைகள் மாட்டியபடியே தொங்கின. ஆட்களை மட்டும் காணவில்லை.

சுவாசக் கருவிகளை அணிந்து உலைத் தளத்துக்கான படிகளில் ஏறியபோது, கையிலிருந்த கதிர்வீச்சு அளவியின் முள் எல்லையைத் தாண்டி ஓடியது. கருவி பழுதாக இருக்கலாம் என்று இறங்கி வந்து இன்னொன்றை எடுத்துப் போனார்கள். மணிக்கு 200 ராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை காட்டக்கூடிய அதன் முள்ளும் கடைசிக் கோட்டில் போய் நின்றது. உலைக்கூடத்தை ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினர். 9:17க்கு வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் மணிக்கு 500 ராண்ட்ஜன் வரை அளக்கும் கருவியைக் கொண்டு சென்றார். அதுவும் போதவில்லை. அந்த அளவுக் கதிர்வீச்சில் ஒரு மணி நேரம் நிற்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் உயிர் பிழைக்க மாட்டார்கள். நெருக்கடிக்கென்று தயாராக வைத்திருந்த அளவிகள், நேர்ந்த நெருக்கடியின் அளவைச் சொல்ல முடியாமல் நின்றன. இந்த விபத்தின் பதிவுகளில் மிகவும் கலங்க வைக்கும் இடம் இதுதான்.

பின்வாங்கியது கோழைத்தனம் அல்ல. கண்மூடித்தனமாக ஓடியிருந்தால் மீட்கப் போனவர்களையும் மீட்க வேண்டியிருந்திருக்கும். இரவு பத்தரை மணிக்குப் பிறகு, உலையை அறிந்தவர்கள் நகரிலிருந்து வந்து சேர்ந்ததும் கணக்குப் போடப்பட்டது: ஒருவர் ஒருமுறைதான் உள்ளே போகலாம், போனவர் ஒரு நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். முதலில் ஓடிப் போனவர்கள் இருவரைக் கண்டனர். ஒருவர் இறந்திருந்தார், மற்றவர் முனகிக்கொண்டு லேசாக அசைந்தார். சுமார் 10:50க்கு ஐந்து பேர் தூக்குப்படுக்கையுடன் நுழைந்து, உயிரோடிருந்தவரை வெளியே கொண்டுவந்தனர். நினைவு திரும்பாமலே, தலைக்காயத்தால் 11 மணியளவில் அவர் இறந்தார். ஆடைகளைக் களைந்த பிறகும் அவர் உடலிலிருந்து மணிக்குச் சுமார் 500 ராண்ட்ஜன் கதிர்வீச்சு வந்துகொண்டிருந்தது. மீட்பில் ஈடுபட்ட ஏழு பேருக்கு 1962இல் கார்னகி வீர விருது வழங்கப்பட்டது.

இனிக் காப்பாற்ற உயிர் இல்லை என்று தெரிந்ததும் வேலையின் வேகம் மாறியது. மூன்றாமவரின் உடல், உலையின் மேலிருந்து பறந்த அடைப்பு ஒன்றால் குத்தப்பட்டு கூரையோடு மாட்டியிருந்தது. இரண்டாவது உடலை மறுநாள் இரவு தொண்டர்கள் எடுத்தனர். கூரையில் இருந்ததை இறக்க ஆறு நாள் ஆயிற்று. ராணுவக் கதிர்வீச்சுப் பிரிவின் தொண்டர்கள் முன்பே ஒத்திகை பார்த்தனர். ஜனவரி 9 அன்று பத்துப் பேர் இருவர் இருவராக, ஒவ்வொருவரும் அதிகபட்சம் 65 வினாடி என்ற கணக்கில் நுழைந்து, நீண்ட கழிகளின் முனையிலிருந்த கொக்கிகளால் உடலை விடுவித்து, வெளியிலிருந்து கிரேன் நீட்டிய ஆறு மீட்டர் நீளப் படுக்கையில் விழச் செய்தனர்.

ஒத்திகை பார்ப்பதும், ஆள் மாற்றி ஆள் சில வினாடிகள் மட்டும் உள்ளே போவதும் இங்கே தோன்றிய முறைகள் அல்ல. 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வு நிலையத்தில் என்ஆர்எக்ஸ் உலை சேதமடைந்தபோதே அவை கையாளப்பட்டன. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டர் கடற்படை அதிகாரியாக அந்தச் சீரமைப்பில் பங்கேற்றார். அவருடைய குழு டென்னிஸ் மைதானத்தில் அமைத்த மாதிரி உலையில் பழகிவிட்டு, ஒவ்வொரு முறையும் 90 வினாடிகள் மட்டும் உள்ளே சென்றது.

நடந்தது அணு வெடிப்பா, வேதியியல் வெடிப்பா என்பதே முதலில் தெளிவாகவில்லை. இறந்தவர் ஒருவரின் சிகரெட் லைட்டரில் இருந்த திருகில் தாமிரம்-64 என்ற கதிரியக்க ஐசோடோப்பு கண்டறியப்பட்டதும் ஐயம் தீர்ந்தது. நியூட்ரான்கள் பாயாமல் அது உருவாகாது. தண்டு ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பது மட்டும் இன்றுவரை உறுதிப்படவில்லை. சிக்கிய தண்டைப் பலங்கொண்டு இழுத்தபோது அது திடீரென விடுபட்டது என்பது ஒரு விளக்கம். இறந்த வீரர்களின் சொந்த வாழ்க்கையைக் கிளறிய வதந்திகளும் பரவின. அவற்றுக்குச் சான்று கிடையாது. காரணம் எதுவாயினும், ஒரு மனிதன் கையால் தூக்கக்கூடிய ஒரே தண்டு உலையைச் சிதறடிக்கும் வகையில் அது கட்டப்பட்டிருந்தது. அந்தப் பொறுப்பை இறந்தவர்கள் தலையில் சுமத்துவது நியாயமல்ல.

கதிர்வீச்சு மிகுந்திருந்த உடல்கள் ஈயம் பதித்த பெட்டிகளில் அடக்கம் செய்யப்பட்டன. ஒன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் உள்ளது. உலைக்கலன் 1961 நவம்பர் இறுதியில் அகற்றப்பட்டு ஆய்வுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கட்டடத்தின் இடிபாடுகளைப் பொதுச்சாலை வழியே 25 கி.மீ. கொண்டு போவதைத் தவிர்க்க, ஏறத்தாழ 500 மீட்டர் தள்ளிப் புதைகுழிகள் தோண்டப்பட்டன. அதன்பின் வந்த உலைகளுக்கு ஒரு விதி ஏற்பட்டது: மிக வலுவான தண்டு ஒன்று முழுவதும் வெளியே இருந்தாலும், மற்ற தண்டுகளே உலையை நிறுத்திவைக்கப் போதுமானவையாக இருக்க வேண்டும்.