காசு கட்டியும் விளம்பரமா? வானொலியின் நூறாண்டுக் கணக்கு

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கதையும் கவிதையும் பேசுகிற இடத்தில் வானொலிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பலருக்கு நல்ல தமிழ் முதலில் காது வழியாகத்தான் வந்தது. அந்த உரிமையில் பேசுகிறேன்.

நெடுந்தூரம் கார் ஓட்டி வேலைக்குப் போகிற நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மாதாமாதம் காசு கட்டித்தானே ரேடியோ கேட்கிறோம், அப்புறம் எதற்கு இத்தனை விளம்பரம்?" நியாயமான கேள்விதான். ஆனால் காசு கட்டினால் விளம்பரம் வராது என்று நம்மிடம் சொன்னது யார்?

1922 ஆகஸ்டில் நியூயார்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். நிலையத்தில் ஒரு வீடு விற்கும் நிறுவனம் காசு கொடுத்துப் பேசியது. ஜாக்சன் ஹைட்ஸ் பகுதி அடுக்குமாடி வீடுகளுக்கான விளம்பரம் அது. நிலையம் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்துடையது. தொலைபேசியில் அழைப்பவர்தானே பணம் கட்டுகிறார்? அதே கணக்கை வானொலிக்கும் கொண்டுவந்தார்கள். பேசுகிறவர் கட்டணம் கட்டுவார், கேட்கிறவருக்கு இலவசம். இவ்வளவு பெரிய சேவையை விளம்பர அரட்டையில் மூழ்கவிடக் கூடாது என்று அன்றைய வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் அதே வருடம் எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1922இலேயே கேட்கிறவர் வருடத்துக்குப் பத்து ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்டினார். அந்தப் பணத்தில் பிபிசி வளர்ந்தது. அங்கே உள்நாட்டு ஒலிபரப்பில் விளம்பரம் வராததற்குக் கட்டணம் மட்டும் காரணமல்ல. கூடாது என்று விதியே எழுதி வைத்திருந்தார்கள்.

இந்தியா பிரிட்டனைப் பார்த்து உரிமத்தை எடுத்துக்கொண்டது. வருடா வருடம் அஞ்சலகத்தில் வானொலிக்குப் பணம் கட்டியது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1952இல் பி.வி.கேஸ்கர் அமைச்சரான பிறகு ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குத் திரும்பின. உரிமப் பணம் டெல்லிக்குப் போனது, பாட்டும் விளம்பரமும் கொழும்பிலிருந்து வந்தன! 1957இல் தொடங்கிய விவித் பாரதியும் 1967இல் விளம்பரத்துக்குக் கதவைத் திறந்தது. உரிமக் கட்டணமோ அப்போதும் தொடர்ந்தது. ஆக, காசும் கட்டி விளம்பரமும் கேட்பது நமக்குப் புதிதல்ல.

இனி செயற்கைக்கோள் வானொலிக்கு வருகிறேன். 1997இல் அமெரிக்க அரசு இரண்டு உரிமங்களை ஏலம் விட்டது. பின்னாளில் எக்ஸ்எம் ஆன நிறுவனம் 8.99 கோடி டாலருக்கும், சிரியஸ் ஆன நிறுவனம் 8.33 கோடி டாலருக்கும் எடுத்தன. எக்ஸ்எம் 2001 செப்டம்பரில் மாதம் 9.99 டாலருக்கு வந்தது. அதன் பாட்டு அலைவரிசைகள் பலவற்றில் கொஞ்சம் விளம்பரம் இருந்தது. சிரியஸ் அடுத்த வருடம் 12.95 டாலருக்கு வந்தது. எங்கள் பாட்டில் விளம்பரமே கிடையாது என்பதுதான் அதன் பெருமை. போட்டி தாங்காமல் 2004இல் எக்ஸ்எம்மும் பாட்டு அலைவரிசைகளிலிருந்து விளம்பரத்தை எடுத்தது. அடுத்த வருடமே தன் கட்டணத்தையும் 12.95 ஆக்கியது.

அதோடு முடியவில்லை. எக்ஸ்எம்மில் முதலீடு செய்திருந்த கிளியர் சேனல் நிறுவனம், தான் நடத்தும் அலைவரிசைகளில் விளம்பரம் வேண்டும் என்று நடுவர் தீர்ப்புக்குப் போனது. 2006இல் சில பாட்டு அலைவரிசைகளில் விளம்பரம் திரும்பி வந்தது. கட்டிய காசு கட்டியதுதான். சந்தாதாரரை யாரும் அந்த மேசைக்கு அழைக்கவில்லை. 2008இல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாயின. பேச்சு, செய்தி, விளையாட்டு அலைவரிசைகளில் விளம்பரம் எப்போதும் உண்டு. "விளம்பரமில்லை" என்ற வாக்கு பாட்டுக்கு மட்டும்தான். நாம் அதை முழு வானொலிக்கும் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டோம்.

சந்தாவை நம்பி மட்டும் வாழ முடியுமா என்றும் கேட்க வேண்டும். வேர்ல்ட்ஸ்பேஸ் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடையாள இசை அமைத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான். தமிழுக்கும் தனி அலைவரிசை இருந்தது. 2009 டிசம்பர் 31உடன் இந்தியாவில் அது நின்றுபோனது. சந்தா கட்டியவர்கள் கையில் பேசாத கருவிதான் மிஞ்சியது. நிறுவனங்களுக்கும் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் நான் ஒரு செவிலியர். எங்கள் தொழிலில் அலாரச் சோர்வு என்று ஒன்று உண்டு. மானிட்டரும் மருந்து பம்பும் ஓயாமல் ஒலித்தால் காது பழகிவிடும், உண்மையான ஆபத்து ஒலியும் இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடும். அதனால்தான் தேவையற்ற அலாரங்களைக் குறைக்க மருத்துவமனைகள் பாடுபடுகின்றன. வானொலியிலும் அதுதான் நடக்கிறது. ஐந்து நிமிடம் விளம்பரம் ஓடினால் நாம் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். பிறகு வருகிற நல்ல பேச்சும் காதில் விழுவதில்லை. கட்டணத்தை வேறெங்காவது சம்பாதித்துக்கொள்ளலாம். கவனித்துக் கேட்கும் பழக்கம் போனால் சுலபத்தில் திரும்பாது.

இந்த நூறு வருடக் கணக்கில் விளம்பரம் விலகி நின்றது இரண்டே நேரங்களில்தான்: விதி தடுத்தபோது, போட்டிக்காரர் பயமுறுத்தியபோது. சந்தா மட்டும் அதை ஒருநாளும் தடுத்ததில்லை. அதனால் அடுத்த முறை சந்தா கட்டும்போது எத்தனை அலைவரிசை என்று கேட்காதீர்கள். எந்தெந்த அலைவரிசையில் விளம்பரம் வராது, அது எழுத்தில் இருக்கிறதா, நடுவில் மாற்றினால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். நேரான பதில் கிடைக்காவிட்டால், கட்டாமல் இருக்கும் உரிமை நம்மிடம்தான் இருக்கிறது.