நெடுவழி மோட்டார்ச் சைக்கிள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் பாதைகளே அந்நாட்டு ஊர்திகளின் வடிவத்தைப் பெரிதும் வகுக்கின்றன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒரு பகற்பொழுதிற் கடக்கக்கூடிய தூரம். ஐக்கிய அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் நெடுஞ்சாலையோ 4,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே நெடும்பயண மோட்டார்ச் சைக்கிளின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

யப்பானின் ஹொண்டா நிறுவனம் 1974இல் மேற்கு ஜேர்மனியின் கொலோன் கண்காட்சியில் 'கோல்ட் விங்'கை அறிமுகஞ் செய்தது. 999 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, எதிரெதிராகக் கிடையாய் அமைந்த நான்கு சிலிண்டர்கள், நீரினாற் குளிரூட்டல், சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு என்பன அதன் சிறப்பியல்புகள். எனினும் காற்றுத் தடுப்போ பயணப் பெட்டிகளோ அதில் இருக்கவில்லை. அமெரிக்கச் செலுத்துநர் பலர், கிரெய்க் வெற்றர் போன்றோர் ஆக்கிய காற்றுத் தடுப்புகளைத் தாமே வாங்கிப் பொருத்திக்கொண்டனர். பாவனையாளர் இவ்வாறு உணர்த்திய குறையை 1980இல் வெளிவந்த 'இன்ரர்ஸ்ரேற்' வகை நீக்கியது; அணிகள் யாவும் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டன. அதே ஆண்டில் உற்பத்தியும் ஒகையோ மாநிலத்து மேரிஸ்வில்லுக்குச் சென்றது. 1988இல் சிலிண்டர்கள் ஆறாயின. 2001இல் கொள்ளளவு 1,832 ஆயிற்று. பிற்காலத்தில் உற்பத்தி யப்பானுக்கே மீண்டது.

நமது அயலில் நிகழ்ந்தது இதனினும் சிந்தனைக்குரியது. இங்கிலாந்தின் றெடிச் நகரில் உருவான றோயல் என்பீல்ட் 'புல்லட்'டை, எல்லைக் காவற் பணிக்கென இந்திய அரசு தெரிந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் என்பீல்ட் இந்தியா அமைந்தது. வந்திறங்கிய உறுப்புகளைத் திருவொற்றியூரிற் பூட்டுவதே தொடக்கத்தில் நடைபெற்ற வேலை. நாளடைவில் உறுப்புகளும் அங்கேயே ஆக்கப்பட்டன. 1967இல் றெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977இல் அதே புல்லட் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. கற்றவர் கையில் அத்தொழில் நிலைத்தது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று ஓடும் மோட்டார்ச் சைக்கிள்கள் பெரும்பாலும் இந்திய, யப்பானிய நிறுவனங்களின் பெயர்களையே தாங்கியுள்ளன. நமது சிறிய தீவுக்குக் கோல்ட் விங் போன்ற பேரூர்தி தேவையில்லை. ஆயின், பூட்டுவதிலிருந்து ஆக்குவதற்கு உயர்ந்த திருவொற்றியூரின் பாடம் நமக்குத் தேவையே. பொருளை வாங்குவதுடன் நின்றுவிடும் சமுதாயம் பிறர் வகுத்த விலைக்கும் வடிவத்துக்கும் கட்டுப்பட்டே வாழும். நமது பாதைக்கு ஏற்றதை நாமே வகுக்கும் அறிவைத் தேடுவது பல்கலைக்கழகங்களின் கடனாகும்.