நிறமாலைமானி சிறுத்த கதை

ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றதும் நம்மவர்கள் எல்லோருக்கும் முதலாண்டு இயற்பியல் லேப்தான் ஞாபகம் வரும். இருட்டு அறை, மஞ்சளாய் எரியும் சோடியம் விளக்கு, வெர்னியர் ஒன்று, வெர்னியர் இரண்டு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு பலர் அதை மறந்திருப்பீர்கள். சிவில் நண்பர்கள் கண்டிப்பாக மறந்திருப்பார்கள்! கண்ணாடிமேல் மெல்லிய படலம் பூசும் தொழிலில் இருக்கும் எனக்கு மறக்க வழியில்லை. அதே கருவியின் பேரப்பிள்ளை ஒன்று, சோப்பு டப்பா அளவில், தினமும் என் மேஜைமேல் இருக்கிறது. அது எப்படி அவ்வளவு சின்னதாயிற்று என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறிய கருவி என்பது புதுச் சங்கதியே அல்ல. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்தில் புன்சனும் கிர்க்காஃபும் 1859–60ல் வைத்து வேலை செய்தது ஒரு பெட்டி, ஒரு முப்பட்டகம், இரண்டு தொலைநோக்கிக் குழாய்கள், அவ்வளவுதான். அதை வைத்தே 1860ல் சீசியம், 1861ல் ருபிடியம் என்று இரண்டு புதுத் தனிமங்களைப் பிடித்துவிட்டார்கள். சீசியம் உப்பைப் பிரித்தெடுக்கச் சுமார் 40 டன் ஊற்று நீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தவை இரண்டு நீலக் கோடுகள்.

திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன் கதையும் இப்படித்தான். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தா பௌபஜார் தெருவில் அவர் பயன்படுத்தியது, கண்ணருகே பிடித்து நேராகப் பார்க்கும் ஒரு சின்ன ஸ்பெக்ட்ரோஸ்கோப். உள்ளே போன ஒளியின் நிறத்துக்குப் பக்கத்தில், ஓர் இருண்ட இடைவெளி விட்டு, இன்னொரு நிறம் தெரிந்தது. பார்த்தது கண். ஆனால் அளந்து உலகத்துக்குக் காட்ட போட்டோ பிளேட் வேண்டும். ஒளியோ மிக மங்கல். ஒரு பிளேட்டில் கோடு விழப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஆக, பிரச்சினை பெட்டியின் அளவில் இல்லை, பதிவு செய்வதில்தான் இருந்தது. கண் எல்லா நிறத்தையும் ஒரே சமயத்தில் பார்க்கும், ஆனால் எண் சொல்லத் தெரியாது. பிளேட் எண் சொல்லும், ஆனால் டார்க் ரூம், டெவலப்பர் என்று பொழுது போய்விடும். அப்புறம் போட்டோ டியூப் வந்தது. அது சட்டென்று எண் சொல்லும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஓர் அலைநீளத்துக்குத்தான். 1941ல் வந்த பெக்மன் டியூ இந்த வகை. வைட்டமின் அளவெடுப்பதையெல்லாம் சில நிமிட வேலையாக்கிய கருவி. எல்லா அலைநீளத்தையும் ஒவ்வொன்றாக அளப்பதென்றால் முப்பட்டகத்தையோ கிரேட்டிங்கையோ துல்லியமாகத் திருப்ப வேண்டும். அதற்கு ஸ்க்ரூ, கியர், சைன் பார், எல்லாவற்றையும் ஆடாமல் தாங்க வார்ப்பிரும்பு. மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவி மேஜையை அடைத்துக்கொண்டது இதனால்தான்.

1969ல் அமெரிக்காவின் பெல் லேபில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடி என்ற சிப்பை உருவாக்கினார்கள். (நோபல் பரிசு வர 2009 வரை காத்திருந்தார்கள்!) இதே சிப்பை ஒரே வரிசையாகச் செய்து ஃபாக்ஸ் மெஷினிலும் ஸ்கேனரிலும் போட ஆரம்பித்ததும் விலை இறங்கியது. ஃபுளோரிடாவில் கடல் நீரின் அமிலத்தன்மையை அளக்க ஒரு சென்சார் செய்யப் புறப்பட்ட ஆய்வாளர்களுக்கு, அதில் வைக்கிற அளவுக்குச் சிறிய நிறமாலைமானி கடையில் கிடைக்கவில்லை. தாங்களே செய்தார்கள். 1992ல் ஓஷன் ஆப்டிக்ஸ் நிறுவனத்தின் எஸ்1000 வந்தது இப்படித்தான். பின்னால் வந்த யுஎஸ்பி2000, 89 மில்லிமீட்டர் நீளம், 63 அகலம், 34 உயரம். உள்ளே அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஒளியிழை வழியே வரும் வெளிச்சம் ஒரு பிளவில் நுழைந்து, கண்ணாடியில் பட்டு, கிரேட்டிங்கில் பிரிந்து, இன்னொரு கண்ணாடி வழியாக 2048 பிக்ஸல்மேல் ஒரே சமயத்தில் விழும். சில மில்லிசெகண்டில் முழு நிறமாலையும் கம்ப்யூட்டரில்!

இதனால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு என்ன லாபம் என்றால், நேரம். முன்பெல்லாம் படலத்தைப் பூசி முடித்து, வெளியே எடுத்து, அப்புறம்தான் அளக்க முடியும். இப்போது சேம்பரின் ஜன்னல் வழியே ஒளியிழையை வைத்து, பூச்சு ஏறும்போதே பார்க்கலாம். படலத்தின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறமாலையில் மேடு பள்ளம் விழும். அடுத்தடுத்த மேடுகள் 500, 600 நானோமீட்டரில் இருந்து, ஒளிவிலகல் எண்ணும் 2 என்றால், கனம் 750 நானோமீட்டர். பேப்பர், பென்சிலே போதும். கனம் ஏற ஏற மேடுகள் சிவப்புப் பக்கம் நகர்வது கண்ணெதிரே தெரியும். வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

ஆனால் சின்ன டப்பாவுக்குச் சின்ன டப்பாவின் குறைகள் உண்டு. சோடியத்தின் மஞ்சள் கோடு உண்மையில் இரண்டு: 589.0, 589.6 நானோமீட்டர். லேபில் பிளவைக் குறுக்கி, கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசையில் பார்த்தால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். 200லிருந்து 850 வரை முழுவதையும் 2048 பிக்ஸலில் அடைக்கும் கருவியில் ஒரு பிக்ஸலுக்கே 0.3 நானோமீட்டருக்குமேல் போய்விடும். பிளவின் அகலத்தையும் சேர்த்தால் இரண்டு கோடும் ஒரே மேடாகத்தான் தெரியும். நம் கல்லூரிக்கு எப்போதாவது புதியது வாங்கினால், தயவுசெய்து பழைய வெர்னியர் கருவிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று சிதறிய ஒளி. பெட்டிக்குள் எல்லாம் நெருக்கமாக இருப்பதால், போகக்கூடாத பிக்ஸலுக்கும் கொஞ்சம் வெளிச்சம் போகும். ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே விடும் படலத்தை அதில் வைத்தால், கருவிக்கு இரண்டு பங்கு வந்து சேரும். உட்கவர்தல் 3 என்பதற்குப் பதில் 2.7 காட்டும். கிராஃபின் செங்குத்தான ஓரம் மேலே போகப் போகச் சாய்ந்துவிடும். அந்தச் சாய்ந்த ஓரத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்து, பட்டை இடைவெளி குறைந்துவிட்டது, டோப்பிங் வேலை செய்கிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 3.2 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 387 நானோமீட்டர். ஹாலஜன் விளக்கில் வெளிச்சமே சொற்பமான இடம் அது, தப்பு இன்னும் பெரிதாகும். ஒரு வருஷ ஆராய்ச்சி இந்த ஒரு கோட்டை நம்பி நிற்கும் என்பதுதான் என் கவலை. என் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பாதரச விளக்கைக் காட்டி, பச்சைக் கோடு 546.1ல் நிற்கிறதா பார். விளக்கை மூடி, இருட்டு அளவைக் கழி. அப்புறம் அதே படலத்தைப் பாதிக் கனத்தில் பூசி இன்னொரு தரம் அள. இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் மட்டும் ரிப்போர்ட்டில் எழுது.