கனிமத் துகள் கலந்த பாலியஸ்டர் இழை

பாலியஸ்டர் இழைக்கும் கனிமங்களுக்கும் உள்ள சம்பந்தம், அவ்விழைக்கு இயல்பாக அமைந்த மிதமிஞ்சிய பளபளப்பைத் தணிக்கும் முயற்சியிலிருந்து ஏற்பட்டது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்னும் இரு ரசாயன நிபுணர்கள் கண்டுபிடித்துப் பின்னர் டெரிலீன் என்றும் டேக்ரான் என்றும் பெயர் பெற்ற இவ்விழை, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாய் இருந்தமையால், முன்னரே ரேயானுக்குக் கையாண்ட முறையைப் பின்பற்றி, டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்பொடியை அதிற் கலந்தனர். நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே பளபளப்பு அடங்கும். முழு மங்கலுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் வேண்டும்.

இக்கலப்பின் சூட்சுமம் முழுதும் துகளின் அளவிலேயே இருக்கிறது. பத்துப் பதினைந்து மைக்ரான் பருமனே உள்ள இழையில் துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறிதாக இருத்தல் அவசியம். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடின், சுமார் 280 டிகிரி உஷ்ணத்தில் உருகி வரும் குழம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். அதையும் கடந்து சென்றால் இழை அறுபடும். ஆதலால் பொடியைப் பாலியஸ்டரின் மூலப்பொருள்களுள் ஒன்றாகிய எத்திலீன் கிளைக்காலில் நன்கு கலக்கி, பாலிமர் உருவாகும்போதே சேர்ப்பது வழக்கமாயிற்று. டைட்டானியம் டையாக்சைடின் இரு வகைகளுள், ரூட்டைல் வகையினும் மென்மையான அனட்டேஸ் வகையையே தேர்ந்ததற்கும், இழை உராய்ந்து செல்லும் இயந்திர உறுப்புகள் தேயாமலிருக்க வேண்டும் என்பதே முக்கிய காரணம். பிற்கால விசேஷ இழைகள் யாவும் பொறுமையாகத் தேடிய இந்த அறிவின் மேல் எழுந்தவையே.

1980-களிலும் அதனையடுத்தும் ஜப்பானிய நிறுவனங்கள் இத்துறையை வெகுவாக விருத்தி செய்தன. கானெபோ நிறுவனம், வெள்ளி அயனிகளைத் தாங்கிய ஜியோலைட் என்னும் கனிமத்தைக் கலந்து பாக்டீரியாவை அடக்கும் இழையை ஆக்கிற்று. வியர்வையிலுள்ள சோடியம் உட்புக, வெள்ளி சிறிது சிறிதாக வெளிவருகிறது. குராரே நிறுவனத்தின் எஸ்மோ என்னும் இழை, துத்தநாக ஆக்சைடால் சூரியனின் புறஊதாக் கிரணங்களைத் தடுப்பது. துணியின் மேற்பூச்சு சலவையில் கரைந்து போகலாம். இழைக்குள் பொதிந்த துகளோ எளிதில் நீங்காது. இதுவே இவ்வினத்தின் மெய்யான சிறப்பு.

உடலின் வெப்பத்தை ஏற்று அகச்சிவப்புக் கிரணமாகத் திருப்பித் தருவன என்று கூறப்படும் இழைகளும் உண்டு. டைட்டானியம், சிலிக்கன், அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் கலந்த அமெரிக்கச் செல்லியன்ட் அவற்றுள் பிரசித்தமானது. ஆனால் சாதாரணப் பாலியஸ்டரும் அக்கிரணங்களை ஓரளவு ஏற்று வெளியிடுவதாகையால், கனிமத்தால் கூடுதலாக விளைந்த பயன் எவ்வளவு என்பதை, கனிமம் கலவாத அதே துணியோடு ஒப்பிட்டு அளந்த பின்னரே ஒப்புக்கொள்ளுதல் தகும்.